சாயக்காரத் தமையனும் ஓவியத் தம்பியும்

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆனால் தமையனை உடையவன் எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று சொல்லும் பழமொழி நம்மிடம் இல்லை. தமையன் துணை நிற்பது இயல்பு, அதைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டுமா என்று முன்னோர் எண்ணினர் போலும். சொல்லாமல் விடப்பட்ட நன்றிகள் காலப்போக்கில் மறந்தும் போகின்றன. அவ்வாறு ஏறத்தாழ நூறாண்டுக் காலம் மறக்கப்பட்டிருந்த ஒரு தமையனின் வரலாற்றையே இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஓவியக் கலை வரலாற்றில் உடன்பிறப்பின் துணை என்றதும் உலகத்தார் நினைவுக்கு வருபவர் தேயோ வான்கோ. தமையன் வின்சென்டுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பி, அவர் தீட்டிய படங்களையெல்லாம் வாங்கி வைத்துப் பாதுகாத்த தம்பி அவர். 1890ஆம் ஆண்டு ஜூலையில் வின்சென்ட் இறந்தார். ஆறு மாதத்துக்குள் தேயோவும் மறைந்தார். அவ்விருவர் கதை நூல்களாகவும் திரைப்படங்களாகவும் வந்து எங்கும் பரவிவிட்டது. ஆனால் அதே காலத்தில், அதே பிரான்ஸ் நாட்டில், மற்றொரு சகோதர ஜோடி இருந்தது. தம்பியின் பெயரை அறியாதவர் இல்லை. அவர் குளோட் மோனே. தமையனின் பெயர் லேயோன் மோனே. அவர் ஓவியர் அல்லர். சாயங்களை ஆராயும் ரசாயன நிபுணர். தம்பியின் படங்களையும் தம்பியின் நண்பர்களுடைய படங்களையும் ஊரார் நகைத்த நாளிலேயே விலை கொடுத்து வாங்கியவர்.

லேயோன் 1836ஆம் ஆண்டிலும் குளோட் 1840ஆம் ஆண்டு நவம்பரிலும் பிறந்தனர். குளோட் சிறு குழந்தையாயிருந்தபோதே குடும்பம் பாரிஸை விட்டு, ஸேன் நதி கடலோடு கலக்கும் இடத்திலுள்ள லெ ஹாவ்ரு என்னும் துறைமுக நகரத்துக்குக் குடியேறிற்று. அங்கே, கப்பல்களுக்கு வேண்டிய சரக்குகளை வழங்கும் மொத்த வியாபாரத்தில் தந்தை தம் உறவினரோடு சேர்ந்து ஈடுபட்டார். பிள்ளைகள் கணக்கும் வாணிகமும் கற்றுக் குடும்பத் தொழிலை நடத்த வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். இளையவனோ பாடப் புத்தகத்தின் ஓரங்களில் ஆசிரியர்களின் முகங்களைக் கேலிச் சித்திரங்களாக வரைந்துகொண்டிருந்தான். பின்னர் அவன் வரைந்த ஊர்ப் பெரிய மனிதர்களின் கேலிச் சித்திரங்கள் கடைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைக்கப்பட்டு விற்பனையும் ஆயின. 1856ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், குளோட் வரைந்து நிரப்பிய சிறு சித்திரப் புத்தகம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதைப் பத்திரமாகச் சேமித்து வைத்திருந்தவர் தமையனாகிய லேயோனே. பின்னாளில் பெரும் ஓவியத் தொகுப்பை உண்டாக்கியவரின் முதற்பொருள், தம்பியின் பள்ளிப்பருவ ஏடு என்பது கவனிக்கத்தக்கது.

1857இல் தாய் காலமானார். அதற்குப் பின் இரு சகோதரரும் இரு வேறு பாதைகளில் சென்றனர். குளோட் 1859இல் ஓவியம் பயிலப் பாரிஸுக்குப் புறப்பட்டார். லேயோனோ லெ ஹாவ்ருவுக்கும் பாரிஸுக்கும் இடையிலுள்ள ரூவான் என்னும் பழைய நகரத்துக்குச் சென்று, நகரை அடுத்த மாரோம் என்னுமிடத்தில் நிலைகொண்டார். ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் பாசல் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கைகி என்னும் நிறுவனத்தின் சாய வியாபாரத்தில் அவர் பணியாற்றினார்.

இங்கே ரூவான் நகரத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். ஏனெனில் அவ்வூரின் செல்வத்துக்கும் நம் தமிழ்க் கரைக்கும் ஓர் உறவு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற வண்ணத் துணிகளை, நாம் சீட்டி என்று வழங்கும் அந்தப் பூந்துணிகளை, பிரெஞ்சுக்காரர்கள் 'இந்தியென்' என்று அழைத்தனர். எத்தனை முறை துவைத்தாலும் சாயம் போகாத பருத்தித் துணியை அதுவரை அவர்கள் கண்டதில்லை. மக்கள் அதன்மேல் கொண்ட மோகத்தால் உள்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளர் பிழைப்பு இழந்தனர் என்று கூறி, 1686ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு அத்துணிகளைத் தடை செய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இதற்கிடையில் அந்த வித்தையின் நுட்பங்களை அறியப் பலர் முயன்றனர். இத்தென்கரையில் வாழ்ந்த கேர்து என்னும் ஏசு சபைப் பாதிரியார், துணியில் சித்திரம் எழுதும் முறையைச் சாயத் தொழிலாளரிடம் கேட்டறிந்து, 1742இல் விரிவான கடிதமாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். நம் கரையில் விளைந்த சாயவேரின் சிவப்பு எவ்வாறு துணியில் பற்றுகிறது என்பதெல்லாம் இத்தகைய கடிதங்கள் வாயிலாக அங்கே போய்ச் சேர்ந்தது. தடை நீங்கியபின் இந்தியென் துணிகளைப் பிரான்ஸிலேயே அச்சிட்ட ஊர்களுள் ரூவான் முதன்மை பெற்றது. லேயோன் வாழ்ந்த மாரோம் அமைந்துள்ள காயி ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஆலைகள் நெருங்கி எழுந்தன. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரை நினைத்து, அதைச் சின்ன மான்செஸ்டர் என்றே மக்கள் அழைத்தனர்.

லேயோன் தொழிலில் நுழைந்த காலமோ சாயங்களின் வரலாற்றில் ஒரு புரட்சிக் காலம். 1856இல் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது ஆங்கில இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் ஒன்றைச் செய்து காட்டினார். 1859இல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் ஃபுக்ஸின் என்னும் செஞ்சாயம் பிறந்தது. 1868இல், மஞ்சிட்டிக்கும் சாயவேருக்கும் சிவப்பைத் தரும் அலிஸரின் என்னும் பொருளையே ஜெர்மானியர் இருவர் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிவிட்டனர். 1897இல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. வேர் தோண்டியும் அவுரி பயிரிட்டும் வாழ்ந்த எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு இதனால் நலிந்தது. நம் நாடும் அதற்கு விலக்கல்ல. லேயோன் தம் தம்பிக்கு உதவிய பணம் இத்தகைய தொழிலிலிருந்து வந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. உலக வாணிகத்தில் ஓரிடத்து நட்டம் வேறோரிடத்தில் ஆக்கமாகிறது. அந்த ஆக்கத்தில் ஒரு பகுதி கலையாக மாறிய கதை இது.

தமையன் தொழிலில் கால் ஊன்றிய அதே ஆண்டுகளில் தம்பியின் நிலை வேறாக இருந்தது. அக்காலத்தில் பிரான்ஸில் ஓர் ஓவியர் பெயர் பெற வேண்டுமானால் ஸலோன் எனப்படும் அரசாங்கக் கண்காட்சியில் இடம் பெற்றாக வேண்டும். 1865இல் குளோட் அனுப்பிய கடற்காட்சிகள் ஏற்கப்பட்டன. 1867இல், 'தோட்டத்தில் பெண்கள்' என்னும் பெரிய படம் நிராகரிக்கப்பட்டது. 1869லும் 1870லும் மீண்டும் நிராகரிப்பு. அந்தத் 'தோட்டத்தில் பெண்கள்' படத்தை நண்பர் பஸீய் 2,500 பிராங்குக்கு வாங்கி, மாதம் 50 பிராங்காகக் கொடுக்க ஒப்புக்கொண்டார். பிழைப்பு அவ்வாறு மாதத் தவணையில் நடந்தது. அந்த நண்பரும் 1870 நவம்பரில் பிரஷ்யப் போரில் மாண்டார். தந்தையோ, குளோட் காமீய் என்னும் பெண்ணோடு வாழ்ந்ததையும் அவளுக்கு 1867இல் ழான் என்னும் மகன் பிறந்ததையும் ஏற்கவில்லை. போருக்குத் தப்பி லண்டனில் இருந்தபோது, 1871 ஜனவரியில் தந்தை காலமானார். அவ்வாண்டின் இறுதியில் பிரான்ஸுக்குத் திரும்பிய குளோட், பாரிஸுக்கு அருகில் அர்ழான்தேய் என்னும் ஊரில் குடியமர்ந்தார்.

தமையனின் துணை வெளிப்படையாகத் தெரிவது இக்காலம் முதற்கொண்டுதான். 1872ஆம் ஆண்டு ரூவானில் இரண்டு காரியங்கள் நடந்தன. முதலாவது, ஆலை அதிபர்களும் ரசாயன நிபுணர்களும் கூடி ரூவான் தொழிற்சங்கம் என்னும் சபையை நிறுவினர். அதைத் தோற்றுவித்தவர்களுள் லேயோனும் ஒருவர். இரண்டாவது, நகரசபை நடத்திய ஓவியக் கண்காட்சியில் குளோடும் அவர் நண்பர்களும் தம் படங்களை வைக்குமாறு லேயோன் ஊக்கினார். குளோட் அவ்வாண்டு வசந்தத்தில் ரூவானுக்கு வந்து தங்கி, ஆற்றையும் கப்பல்களையும் கோயில் கோபுரங்களையும் தீட்டினார். பாரிஸில் கதவு அடைபட்டவர்களுக்கு மாகாண நகரம் ஒன்று சன்னலைத் திறந்தது என்று சொல்லலாம். அந்தச் சன்னலின் தாழ்ப்பாளை நீக்கிய கை ஒரு சாயக்காரருடையது. ஒரு புதிய சபையின் உறுப்பினராக ஊரில் மதிப்புத் தேடிக்கொள்ள வேண்டிய வேளையில், பலரும் அரைகுறை வேலை என்று கருதிய படங்களுக்காக அவர் தம் பெயரை முன்நிறுத்தினார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பிறகு வந்தது 1874ஆம் ஆண்டு. ஸலோனின் தயவை இனி வேண்டுவதில்லை என்று முடிவு செய்த முப்பது கலைஞர்கள், நதார் என்னும் புகழ்பெற்ற புகைப்படக்காரர் காலி செய்திருந்த பாரிஸ் மாடியில் ஏப்ரல் 15ஆம் தேதி தங்கள் சொந்தக் கண்காட்சியைத் திறந்தனர். நுழைவுக் கட்டணம் ஒரு பிராங்கு. ஒரு மாதத்தில் சுமார் 3,500 பேர் வந்தனர். அவர்களுள் பலர் சிரிப்பதற்காகவே வந்தனர். லெ ஹாவ்ரு துறைமுகத்தின் விடியற்காலையைக் குளோட் தீட்டிய படத்துக்கு 'இம்ப்ரெஷன், சூரியோதயம்' என்று பெயர். இம்ப்ரெஷன் என்றால் மனத்தில் பதிந்த தோற்றம். லெருவா என்னும் பத்திரிகையாளர் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, இவர்கள் அனைவரையும் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று கேலி செய்து எழுதினார். வசையாக வந்த பெயரே அந்த ஓவிய நெறிக்கு நிலைத்த பெயராயிற்று. ஆனால் அன்று கணக்குப் பார்த்தபோது ஒவ்வொருவர் தலையிலும் 184 பிராங்கு 50 சாந்தீம் கடன் விழுந்தது, சங்கம் கலைக்கப்பட்டது.

அதே 1874ஆம் ஆண்டில்தான் குளோட் தம் தமையனின் உருவப்படத்தைத் தீட்டினார். கறுப்பு உடை, கடுமையான பார்வை, சற்றுச் சிவந்த கன்னங்கள், தூரிகையின் வேகம் மறையாத தீட்டல். தம்பியை அணைத்துக்கொள்ளும் அன்பு முகம் அதில் இல்லை. காரியத்தில் கண்ணாக உள்ள ஒரு தொழிலதிபரின் முகமே அதில் தெரிகிறது. அன்பைச் சொல்லில் காட்டாமல் செயலில் மட்டுமே காட்டும் தமையன்மார் நம் வீடுகளிலும் உண்டு. அவர்களுடைய புகைப்படங்களும் பெரும்பாலும் இவ்வாறுதான் இருக்கும்.

மறு ஆண்டு வந்த சோதனை இன்னும் கொடியது. கடன் தீர்க்க வழியில்லாத நிலையில் குளோட் மோனே, ரெனுவார், சிஸ்லே, பெர்த் மொரிஸோ அம்மையார் ஆகிய நால்வரும் 1875 மார்ச் 24ஆம் தேதி பாரிஸிலுள்ள ஓத்தேல் துரூவோ ஏலக்கூடத்தில் தங்கள் படங்களில் 73ஐ ஏலத்துக்கு விட்டனர். ஒவ்வொரு படமும் மேடைக்கு வந்தபோது கூட்டத்தினர் ஊளையிட்டனர். கைகலப்பு மூளும் நிலை ஏற்பட்டு, ஏலம் நடத்தியவர் போலீசை அழைக்க வேண்டியதாயிற்று. ரெனுவாரின் படங்கள் சில நூறு பிராங்குகூடப் பெறவில்லை. மொரிஸோ அம்மையாரின் ஒரு படம் 480 பிராங்குக்குப் போனதே அன்றைய உயர்ந்த விலை. அந்த ஆரவாரத்துக்கு நடுவே ஏலம் கேட்டு வாங்கிய சிலருள் லேயோனும் ஒருவர்.

ஏலக்கூடத்தில் வாங்குவதற்கும் வீட்டில் வைத்துப் பணம் கொடுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. தம்பியின் கையில் இரகசியமாகப் பணத்தைத் திணித்தால் அது உதவி; பெற்றவர் தலை சற்றே தாழும். பலர் முன்னிலையில் விலை கூறி வாங்கினாலோ அது மதிப்பு. 'இப்பொருளுக்கு இவ்வளவு பெறும்' என்று ஊரறியச் சொல்லும் சாட்சியம். மேலும், லேயோன் தம்பியின் படங்களோடு நிற்கவில்லை. ரெனுவார், சிஸ்லே, பிஸ்ஸாரோ ஆகியோரின் படங்களும் அவருடைய வீட்டுச் சுவர்களை அடைந்தன. இரத்த பாசம் மட்டுமே காரணமானால் பிறர் படங்களை வாங்க வேண்டிய தேவை என்ன? தம்பி கண்ட புதிய காட்சியைத் தாமும் கண்டார். அதனால் வாங்கினார் என்பதே பொருத்தமாகும். தம்பிக்கு உதவியவர் என்ற பெயரோடு, தொடக்க காலச் சேகரிப்பாளர் என்ற பெயருக்கும் அவர் உரியவர் ஆவது இக்காரணத்தால்தான்.

அக்காலத்தில் இவ்வோவியங்களை நம்பிப் பணம் போடுவது எவ்வளவு துணிச்சலான செயல் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 'இம்ப்ரெஷன், சூரியோதயம்' படத்தை 1874இல் ஓஷதே என்னும் வணிகர் 800 பிராங்குக்கு வாங்கினார். அவர் நொடித்துப்போகவே, 1878இல் அது 210 பிராங்குக்கு விலைபோயிற்று. நான்கு ஆண்டில் முக்கால் பங்கு மதிப்புப் போய்விட்டது! 2019ஆம் ஆண்டில் குளோட் தீட்டிய வைக்கோற்போர்ப் படம் ஒன்று 11 கோடி டாலருக்கு மேல் ஏலம் போயிற்று என்பதை அறிந்த நமக்கு இது நகைப்பாகத் தோன்றலாம். ஆனால் 1870களில் வாங்கியவருக்கு எதிர்காலம் தெரியாது. இழப்பு மட்டும் கண்ணெதிரே தெரிந்தது.

1879 செப்டம்பரில் குளோடின் மனைவி காமீய், வெத்தேய் என்னும் சிற்றூரில் நோயால் மடிந்தார். சிறு பிள்ளைகள் இருவர், கையில் காசில்லை. அடுத்து வந்த குளிர்காலத்தில் ஸேன் நதியே உறைந்துபோயிற்று. அந்தத் துயர ஆண்டு கழிந்து 1880 செப்டம்பர் வந்தபோது, லேயோன் தம்பியைத் தம்மிடம் அழைத்தார். நார்மண்டிக் கடற்கரையில் பெத்தித்-தால் என்னும் சிறிய கிராமத்தில் அவருக்கு ஓய்வு இல்லம் ஒன்று இருந்தது. வெண்சுண்ணப் பாறைகள் செங்குத்தாகக் கடலில் இறங்கும் இடம் அது. குளோட் அங்கே சில படங்களைத் தீட்டினார். இளமையில் கடலோரம் வளர்ந்தவர் சில ஆண்டுகளாகக் கடலை மறந்து ஆற்றங்கரையிலேயே வரைந்துகொண்டிருந்தார். தமையன் வீட்டு வாசலில் மறுபடி கடலைக் கண்டார். மறு ஆண்டு ஃபெகான், அதற்கடுத்து பூர்வீல், பிறகு எத்ரெத்தா என்று அதே கரையை நாடி ஆண்டுதோறும் சென்று அவர் தீட்டிய பாறைகளும் அலைகளும் உலகப் புகழ் பெற்றன. அந்த நெடும் பயணத்தின் முதல் அடி ஒரு குடும்ப அழைப்பிலிருந்து எழுந்தது.

1883 அக்டோபரில் ரூவானில் தங்கிப் படம் தீட்டிக்கொண்டிருந்த பிஸ்ஸாரோ, தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில் ஓர் இனிய நாளைக் குறித்திருக்கிறார். மோனேயும் அவர் சகோதரரும் மகனும், ஓவிய வணிகர் துரான்-ருவேலும் அவர் மகனும் வந்திருந்தனர். எல்லாருமாகச் சேர்ந்து நகருக்கு வெளியே காந்த்தலே என்னும் குன்றின்மேல் ஏறி, அங்கிருந்து தெரிந்த காட்சியைக் கண்டு வியந்தனர். ஓவியரும் ஓவியத்தை விற்பவரும் ஓவியத்தை வாங்கிய சாயக்காரரும் ஒரே குன்றில் நின்று ஒரே நிலத்தைப் பார்த்த அந்தக் காட்சி, ஒரு கலை இயக்கம் எவ்வாறு பலர் தோள்களில் எழுகிறது என்பதை விளக்கும்.

இனி, ஒரு கேள்வி எழலாம். தமையன் சாய நிபுணர், தம்பி வண்ணத்தில் வல்லவர். எனவே குளோடின் ஒளிமிக்க வண்ணங்கள் லேயோனின் ஆலையிலிருந்தே வந்தனவா? அப்படிக் கூறுவோரும் உண்டு. ஆயினும் அளவோடு சொல்வதே தகும். துணிக்கு ஏற்றும் சாயமும் திரையில் தீட்டும் வர்ணமும் ஒன்றல்ல. பிந்தியவற்றுட் பல உலோகங்களிலிருந்து செய்யப்படுபவை. குளோட் 1905இல் தாம் பயன்படுத்தும் வர்ணங்களைக் குறிப்பிட்டபோது ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, அடர்ந்த மஞ்சிட்டிச் சிவப்பு, கோபால்ட் நீலம், மரகதப் பச்சை ஆகியவற்றையே சொன்னார். இவற்றுள் மஞ்சிட்டி ஒன்றே சாயத்தொட்டிக்கும் நெருங்கிய உறவினது.

ஆனால் பொருளால் இல்லாத உறவு பார்வையால் இருந்தது. பாரிஸில் அரசாங்கத் திரைச்சீலை ஆலையின் சாயப் பகுதிக்குத் தலைவராயிருந்த ஷெவ்ரேல் என்னும் ரசாயனப் பேரறிஞர், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். குறை நூலில் இல்லை. பக்கத்திலுள்ள வேறு நிறத்தால் அது அவ்வாறு தோன்றுகிறது என்று கண்டார். ஒரு நிறம் அடுத்த நிறத்தால் மாறித் தோன்றும் இவ்விதியை 1839இல் அவர் நூலாக வெளியிட்டார். ஓவியர் பலர் அதைப் பாடமாகக் கொண்டனர். ஆக, சாயப்பட்டறையும் சித்திரக்கூடமும் அந்நாட்டில் அண்டை வீடுகளாகவே இருந்தன. இன்றும் நிறத்தைச் சரிபார்க்கும் சாயக்காரர் துணியைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தே பார்ப்பார். விளக்கொளியில் ஒத்திருந்த நிறம் வெயிலில் வேறாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். நிறம் என்பது பொருளில் மட்டும் இல்லை, அதன்மேல் விழும் ஒளியிலும் இருக்கிறது என்பது அவர்களுடைய அன்றாட அனுபவம். 1892லும் 1893லும் குளோட் ரூவானுக்கு வந்து, மாதாகோயிலின் முகப்பை விடியல், நண்பகல், மாலை, மூடுபனி என்று முப்பதுக்கு மேற்பட்ட முறை தீட்டினார். கல் ஒன்றே, ஒளி மாற மாற நிறம் மாறிற்று. சில மைல் தொலைவில் தமையன் தொழிலில் கண்ட உண்மையையே தம்பி கோயில் முகப்பில் எழுதிக் காட்டினார் என்று எண்ணத் தோன்றுகிறது.

அத்தமையன் தம்பியின் மகனுக்கும் பிழைப்புக்கு வழி காட்டினார். ழான் வளர்ந்து ரசாயனம் கற்று, பெரிய தந்தையாரிடமே மாரோமில் வேலைக்கு அமர்ந்தான். ஆனால் உறவுகளை இணைக்கும் இத்தகைய ஏற்பாடே சில வேளைகளில் உறவுகளைப் பிரித்தும் விடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடிவதற்குள் சகோதரர் இருவருக்குமிடையே மனத்தாங்கல் முற்றி, போக்குவரத்து நின்றது. 1914இல் ழான் இறந்தான். 1917இல், உலகப் போரின் நடுவே, லேயோனும் மறைந்தார். ஜிவெர்னி என்னும் ஊரில் தம் தோட்டத்துக் குளத்து அல்லிமலர்களைப் பெருந்திரைகளில் தீட்டிக்கொண்டிருந்த குளோட், மேலும் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1926 டிசம்பரில் காலமானார்.

புகழ் வந்தபின் ஒருவருடைய இளமைக் கதை தானே ஒரு வடிவம் பெறுகிறது. 1900ஆம் ஆண்டில் பத்திரிகை ஒன்றுக்குத் தம் வரலாற்றைக் கூறிய குளோட், வீட்டாரின் எதிர்ப்பையும், வெட்டவெளியில் வரையக் கற்பித்த பூதேன் என்னும் ஓவியரின் நன்மையையும் பெரிதாக எடுத்துரைத்தார். குடும்பத்தை எதிர்த்துத் தனியே நின்று வென்ற கலைஞன் என்னும் சித்திரம் மக்களுக்கும் பிடித்திருந்தது. அந்தச் சித்திரத்தில் பணம் கொடுத்த தமையனுக்கு இடமில்லை. மனத்தாங்கல் ஏற்பட்டபின் நினைவூட்டுவாரும் இல்லை. லேயோனின் உருவப்படமோ குடும்பத்தார் வசத்திலேயே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு தங்கிவிட்டது. 2023ஆம் ஆண்டு மார்ச் முதல் ஜூலை வரை பாரிஸ் லுக்ஸம்பூர்க் அருங்காட்சியகத்தில் லேயோன் மோனேயைப் பற்றியே ஒரு தனிக் கண்காட்சி நடைபெற்றபோதுதான் அப்படம் பொதுமக்கள் பார்வைக்கு முதன்முதலாக வந்தது. தம்பியின் படங்கள், நண்பர்களின் படங்கள், ஜப்பானிய அச்சுச் சித்திரங்கள் ஆகியவற்றோடு சாயம் காய்ச்சும் முறைகளை எழுதிய ஏடுகளும், துணி மாதிரிகளும், குடும்பப் புகைப்படங்களும் அங்கே வைக்கப்பட்டன. ஓவியக் கண்காட்சியில் சாய ஏடுகளுக்கு இடம் கிடைத்தது நியாயமே. அந்த ஏடுகள் இல்லையேல் அந்தச் சேகரிப்பும் இல்லை.

ரூவான் நகரமும் காலப்போக்கில் தன் கடனைத் தீர்த்துக்கொண்டது. 1909இல் தெபோ என்னும் நிலக்கரி வணிகர் தாம் சேர்த்த ஓவியங்களில் 53ஐ அந்நகர அருங்காட்சியகத்துக்குக் கொடையாக வழங்கினார். அவற்றுள் மோனே, சிஸ்லே போன்றோரின் படங்கள் முக்கியமானவை. 1872இல் தயங்கித் திறந்த சன்னல் அன்று வாசலாகவே விரிந்தது.

லேயோன் மோனே எதையும் கண்டுபிடித்தவராகப் புகழ் பெறவில்லை. எந்தப் படத்திலும் அவர் கையெழுத்து இல்லை. அவர் செய்தது ஒன்றே: விலை ஏறும் முன்பே வாங்கினார். ஓர் ஓவியருக்கு அறுபதாம் வயதில் பத்தாயிரம் பிராங்கு கொடுப்போர் பலர் வரக்கூடும். முப்பத்துநான்காம் வயதில் இருநூறு பிராங்கு கொடுப்பவரே அவரை அறுபதாம் வயது வரை உயிரோடு கொண்டுசேர்ப்பவர். பிற்காலத்து மனத்தாங்கல் அந்த முற்காலத்து உதவியை அழித்துவிடாது. கசந்து முடிந்த உறவுகளிலும் இனித்த நாள்கள் உண்மையே.

பிறந்த ஊரை விட்டுத் தொலைவில், மொழி வேறான நகரங்களில் உழைத்து, தம்பியின் படிப்புக்கும் தங்கையின் வாழ்வுக்கும் பொருள் அனுப்பிய பலர் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நாளை அத்தம்பி பெயர் பெறும்போது மேடையில் இவர்கள் பெயர் சொல்லப்படாமலும் போகலாம். ரூவான் நகரத்துச் சாயக்காரரின் பெயர் வெளியே வர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ஆயினும் தம்பி தீட்டிய விடியற்காலைச் சூரியனின் செம்மை இன்றும் பாரிஸ் நகரத்து அருங்காட்சியகமொன்றில் மங்காமல் இருக்கிறது. அதைப் பார்ப்பவர் அனைவரும் அறிந்தோ அறியாமலோ அத்தமையனுக்கும் கடன்பட்டவரே.